சுற்றமும் சுற்றுலாவும்

ரொறன்ரோ நகரில் வாழும் என் இளவல் சென்ற கிழமை தொலைபேசியிற் செய்தியொன்று விடுத்திருந்தான். “அண்ணை, வாற வருஷம் ஓகஸ்டிலை எல்லாரும் வாறம். நாற்பத்தாறு பேர். ஊரையும் தங்கிற இடத்தையும் நீங்கள்தான் பாக்கவேணும்.” இவ்வளவே செய்தி. செய்தி சிறிது, சுமை பெரிது. நாற்பத்தாறு பேர் நான்கு நாள் ஒருங்கு தங்குதற்குரிய ஊரும் உறையுளும் தேர்தல், வகுப்பறையில் நாற்பத்தாறு மாணாக்கரை அமர்த்துவது போன்ற எளிய காரியமன்று. மாணாக்கர் மணியடித்தால் வீடு செல்வர்; மறுநாளும் வருவர். சுற்றத்தாரோ ஒருமுறை மனம் நொந்தால் மறுமுறை வாரார்.

இச்சுமை என் தலையில் ஏறுவது இது மூன்றாம் முறை. முதன்முறை தவறினேன். இரண்டாம் முறை ஓரளவு தேறினேன். குடும்பத்தில் நால்வர் நான்கு நாட்டில் வாழ, ஆண்டுகள் பல கடந்து ஒருமுறை கூடுகின்ற நிலை இன்று ஈழத்தமிழருள் பலர்க்கும் உரியது. ஆதலின் யான் பட்டறிந்ததை எழுதுவது, இக்கவலை உடைய பிறர்க்கும் பயன்படக் கூடும்.

சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு இயல்பாகிய ஒரு குறை என்னிடத்தும் உண்டு; எதையும் சொல்லினின்றே தொடங்குவேன். சுற்றம் என்பதும் சுற்றுலா என்பதும் சுற்று என்னும் ஓரடியிற் பிறந்த சொற்கள். நம்மைச் சூழ்ந்து நிற்போர் சுற்றம். நாம் சுற்றிவரும் உலா சுற்றுலா. முன்னது நிற்பது, பின்னது திரிவது. குடும்பக் கூட்டத்துக்கு இடந்தேர்வோர் பெரும்பாலும் பின்னதை எண்ணி முன்னதை இழந்துவிடுகின்றனர். யானும் இழந்தேன்.

தேராது கூடிய காலம்

முன்னாளில் இடந்தேரும் கவலை எங்களுக்கு இருந்ததில்லை. பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ நாற்புறமும் திண்ணை. திண்ணைக்கு அப்பால் அறைகள். அறைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றில் நெல்லும் மற்றொன்றிற் பெட்டகமும் இருந்தன. மனிதர் உறங்கியது திண்ணையிலும் விறாந்தையிலுமே. ஊர்க்கோயிற் கொடியேற்றத்துக்கு முதல்நாள் தொடங்கித் தீர்த்தத்துக்கு மறுநாள் வரையும் முப்பது பேருக்குக் குறையாமல் அங்கே தங்குவர். இத்தனை பேருக்கு இத்தனை அறை என்று எவரும் கணக்கிட்டதில்லை. இத்தனை பேருக்கு இத்தனை பாய் என்பதே கணக்கு.

வீடு கொள்ளாதவரை ஊர் கொண்டது. யாழ்ப்பாணத்து வழிகளிலே நம் முன்னோர் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் அமைத்தனர். வழிநடந்தோன் சுமையிறக்கி, மாட்டுக்கு நீர்காட்டி, தானும் இளைப்பாறிச் செல்லவேண்டும் என்பது அவர் கருத்து. கந்தர்மடம், ஓட்டுமடம், மருதனார்மடம் என்னும் இடப்பெயர்கள் அவ்வறத்தை இன்றும் நாவில் வைத்திருக்கின்றன. வீட்டு வாயில்களிற் சங்கடப்படலை இருந்தது. மேலே கூரை, இருமருங்கும் இருக்கை. பருத்தித்துறையில் உள்ள தெருமூடிமடமோ தெருவையே தன்னுள்ளே கொண்டது. அவ்வழி செல்வோன் மடத்தைத் தேடவேண்டியதில்லை. மடத்தினூடாகவே அவன் வழி செல்கின்றது. செல்வச்சந்நிதியிலே அடியார்க்கு அன்னமளிக்கும் மடங்கள் இன்றும் உள.

இவற்றின் அமைப்பை நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். இங்கெல்லாம் அறை சிறிது, திண்ணை பெரிது. இக்கால விடுதியின் அமைப்பு இதற்கு மறுதலையானது. ஒருவரையொருவர் அறியாதார் ஒரே கூரையின்கீழ் உறங்குதற்குக் கட்டப்பட்டமையால், கதவும் பூட்டுமே அதற்குச் சிறப்பாயின. மடத்திலே தங்கியோரும் ஒருவரையொருவர் அறியாதாரே அன்றோ என்று வினவலாம். உண்மைதான். எனினும் மறுநாட் காலை அவர்கள் அறிந்தவராய்ப் பிரிந்தனர்.

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் வெளியேறினோம். அப்பகுதியின் பெரும்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009 இற் போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எங்கள் வளவு எங்கள் கைக்கு வந்தபோது கிணறு இருந்தது, வேம்பொன்று இருந்தது, வீடு இல்லை. அன்றுதொட்டே கூடுதற்கு இடந்தேர வேண்டியவரானோம். இடம் இருந்தோர்க்குத் தேர்வு இல்லை. தேர்வு உண்டானது இடம் போனபின் என்க.

உலாவின் இழப்பு

2017 டிசெம்பரிலே கனடாத் தம்பியும் இலண்டன் தம்பியும் குடும்பத்தோடு வந்தனர். மலைநாடு காணவேண்டும் என்பது இளைஞர் விருப்பம். நுவரெலியாவிலே விடுதியொன்றைப் படத்திற் பார்த்து யானே ஒழுங்கு செய்தேன். ஒன்பது அறை, மூன்று மாடி, மின்தூக்கி இல்லை. கீழ்த்தளத்தில் உணவுக்கூடமும் அலுவலகமும் மட்டும் இருந்தன. அப்போது எழுபத்தெட்டு வயதினராயிருந்த எங்கள் அன்னையார்க்கு இரண்டாம் மாடியில் அறை கிடைத்தது. முழங்கால் நோவுடையவர் அவர். நாளுக்கு ஒருமுறை இறங்கினார், ஒருமுறை ஏறினார், அதனோடு அவருடைய நாள் முடிந்தது.

அந்நகர் கடல்மட்டத்துக்குமேல் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மார்கழிக் குளிர் வெப்பநாட்டு முதியவரின் எலும்பை நன்கு அறியும். மற்றையோர் காலை உணவு முடிந்ததும் வான்களில் ஏறினர். ஒருநாள் ஹக்கலைப் பூங்கா. ஒருநாள் ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு. ஒருநாள் தேயிலைத் தொழிற்சாலை. இரவு மீண்டு நால்வர் நால்வராக மேசைகளில் அமர்ந்து உண்டனர். பின் அறைகளுட் புகுந்து கதவடைத்தனர். நான்கு நாளில் முப்பத்தொரு பேரும் ஒருங்கிருந்தது, புறப்படுமுன் நிழற்படம் எடுத்த கால்மணி நேரமே.

உலா என்னும் பிரபந்தத்திலே தலைவன் வீதிவலம் வருவான். பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிர் நின்று நோக்குவர் என்று மாணாக்கர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் யான். எங்கள் உலாவிலோ ஏழு பருவத்தாரும் வாகனம் ஏறிப் போயினர்; சாளரத்தின் அருகே நின்று நோக்கியவர் எங்கள் அன்னையார் ஒருவரே. இதனை அங்கிருந்தபோது யான் உணரவில்லை. பல நாட் சென்றபின், “மலை எப்படி, அம்மா?” என்று கேட்டேன். “கண்ணாடிக்குள்ளாலை வடிவாத்தான் இருந்தது, தம்பி” என்றார். நகரின்மேற் குற்றமில்லை, விடுதியின்மேலும் இல்லை. இரண்டும் தத்தம் தொழிலைச் செவ்வனே செய்தன. அத்தொழில் எங்களுக்கு வேண்டிய தொழில் அன்று.

சரிபங்கு

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அதனை எழுதக் கை கூசுகின்றது. எழுதாவிடின் இக்கட்டுரையாற் பயனில்லை.

முப்பத்தொரு பேர் என்றேன். முப்பத்து நால்வர் வந்திருத்தல் வேண்டும். ஊரில் வாழும் மூத்த தமக்கையார், நாங்கள் பெரியக்கா என்று அழைப்பவர், தம் மகளோடும் பேரனோடும் வரவில்லை. கணவரை இழந்தவர்; தையல் தைத்துக் குடும்பம் நடத்துபவர். புறப்படுதற்கு இரண்டு நாள் முன், “எனக்கு முதுகு நோகுது தம்பி, நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ” என்றார். முதுகுநோவு என்றே எல்லாரும் நம்பினோம்.

ஓராண்டு கழித்து அவர் மகள் வேறொன்று பேசுகையில் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். விடுதிச் செலவைக் குடும்பத்துக்கு ஐம்பதினாயிரம் ரூபா வீதம் சரிபங்காகப் பிரித்து யான் எல்லார்க்கும் அறிவித்திருந்தேன். ஆறு உடன்பிறந்தார்க்கு ஆறு பங்கு. எவர்க்கும் ஏற்றமுமில்லை, தாழ்வுமில்லை. இதனினும் நீதி வேறுண்டோ என்று மகிழ்ந்திருந்தேன். பெரியக்கா தம் காப்பிரண்டையும் கழற்றி, அடகு வைக்கவென்று கைப்பையில் இட்டு, சந்திவரை சென்று திரும்பி வந்தாராம். அதன்பின்னரே முதுகு நொந்தது.

அவர் ஒரு சொற் சொல்லியிருந்தால் தம்பிமாரில் எவனும் அத்தொகையைக் கொடுத்திருப்பான். அவ்வொரு சொல்லைச் சொல்லமாட்டார் என்பதை அறியாதிருந்தது என் பிழை. சிறுவயதில் எங்கள் ஐவரையும் இடுப்பிற் சுமந்தவர் அவர். சுமந்தவர் கைநீட்டமாட்டார்.

திருவள்ளுவர் சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்திருக்கலாம். விருந்தோம்பலை அங்கேதான் வைத்தார். சுற்றந்தழாலையோ பொருட்பாலிலே, அரசியலிலே, ஐம்பத்து மூன்றாம் அதிகாரமாக வைத்தார். ஏன் அங்கு வைத்தார் என்று மாணாக்கர் கேட்டால் உரையாசிரியர் வழிநின்று விடை கூறிவந்தேன். 2018 இன் பின்னரே அவ்விடை எனக்கு விளங்கிற்று. உறவினரைத் தழுவுதல் அன்பினால் மட்டும் ஆவதன்று. ஆளும் திறமும் அதற்கு வேண்டும். எல்லாரையும் ஒரே அளவாகப் பாராமல் அவரவர் நிலையறிந்து பார்க்கவேண்டும் என்னும் கருத்தும் அவ்வதிகாரத்தில் உண்டு. சரிபங்கு கணக்குக்கு நீதி. சுற்றத்துக்கு அநீதியாதலும் கூடும்.

தேரும் முறை

2024 இல் மறுபடியும் கூடுவதென்று முடிவாயிற்று. இம்முறை நாற்பத்தொரு பேர். முதலில் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எவர்க்கு எது இயலாது என்று கேட்டேன். அன்னையார்க்குப் படி இயலாது. பெரியக்காவுக்குப் பணம் இயலாது. மட்டக்களப்பில் வாழும் தங்கையின் கணவர்க்கு நெடும்பயணம் இயலாது. சின்னக்கா வெள்ளிக்கிழமையில் மச்சம் புழங்கிய அடுப்பிற் சமைத்ததை உண்ணார். கைக்குழந்தை இரண்டு. இயலாமைகளை வரிசையாக எழுதியபின் இடம் தானே தெரியலாயிற்று. பலருடைய விருப்பங்களை எழுதத் தொடங்கினால் தாள் போதாது. இயலாமைகளோ பத்து வரியில் அடங்கும்.

அடுத்தது பருவம். நம் நாடு சிறிதாயினும் ஒரே காலத்தில் ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் வெயிலும் உடையது. மே முதற் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக்கரைக்கும் மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கும் மழை கொணரும். அக்காலத்திற் கீழ்க்கரை வறண்டிருக்கும். திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கும். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று வீசுங்கால் நிலை மாறும். வடக்கும் கிழக்கும் மழையில் நனையும், அக்கடல் கொந்தளிக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை ஜூலை ஓகஸ்டில் வருதலால் கீழ்க்கரையே எங்களுக்கு ஏற்றதாயிற்று.

பருவத்தோடு திருவிழாவையும் நோக்கல் வேண்டும். நல்லூர்க் கந்தன் திருவிழா இருபத்தைந்து நாள். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து விடுதிகளில் இடம் அரிது. கண்டிப் பெரஹராக் காலத்திற் கண்டியும், ஓகஸ்ட் பதினைந்தாம் நாள் விழாவை ஒட்டி மடுவும், ஏப்பிரில் வசந்தகாலத்தில் நுவரெலியாவும் அவ்வாறே. விழாக் காண்பதற்கென்றே கூடுவோர் அங்குச் செல்க. அன்றேல் இரட்டிப்பு வாடகை கொடுத்து நெரிசலை வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது தொலைவு. ஒருவர்க்கு அண்மையும் ஒருவர்க்குச் சேய்மையுமாகிய ஊரைத் தேர்ந்தால் சேய்மையிலுள்ளார் களைத்து வருவர், களைப்புச் சினமாகும். திருகோணமலை யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக ஏறக்குறைய 235 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260. மட்டக்களப்பிலிருந்து கரையோரமாக வருவோர் முன்னாளில் துறைதோறும் பாதையை எதிர்பார்த்து நின்றனர். 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இன்று அவ்வழி சில மணிநேரப் பயணம். மூன்று திசையாரும் காலையிற் புறப்பட்டு மதிய உணவுக்குச் சேரத்தக்க ஊர் திருகோணமலை என்பது இவ்வாறு துணிபாயிற்று.

நான்காவது உறையுள். இம்முறை படத்தை நம்பவில்லை. படத்திற் கடல் தெரியும், படி தெரியாது. மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் பஸ் ஏறி நேரிற் சென்றேன். உப்புவெளிப் பக்கத்திலே பழைய பெரிய வீடொன்று வாடகைக்கு இருந்தது. கடல் அங்கிருந்து தெரியாது. பத்து நிமிடம் நடக்கவேண்டும். அதனாலேயே வாடகை பாதியாயிருந்தது. ஆறு அறையும் தரையோடு தரை. நடுவே கூடம், முப்பத்தாறடி நீளமும் பதினெட்டடி அகலமும் உடையது.

வீட்டுக்காரர் குளிரூட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, யான் பாயைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். புறப்படுமுன் அன்னையார் ஒன்றே கேட்டிருந்தார்: “எல்லாரும் ஒண்டாப் பாய் விரிச்சுப் படுக்க இடமிருக்கோ எண்டு பார், தம்பி.” பாயொன்று ஆறடி நீளம், மூன்றடி அகலம். பக்கம் பக்கமாக விரித்தால் முப்பத்தாறடிக்குப் பன்னிரண்டு பாய். இருவரிசைக்குப் பன்னிரண்டடி போக, நடப்பதற்கு ஆறடி வழி எஞ்சும். ஆக இருபத்து நான்கு பாய். வீடு அப்பொழுதே தேறிவிட்டது.

தேறாதது ஒன்றும் இருந்தது. அதனைச் சொல்ல நாணுவோர் பின்னர் வருந்துவர். நாற்பத்தொரு பேர்க்குக் காலையிற் பத்து நிமிடம் வீதம் நானூற்றுப்பத்து நிமிடம். மலசலகூடம் நான்காயின் கடைசியாள் ஒன்றேமுக்கால் மணிநேரம் காத்திருத்தல் வேண்டும். அடுத்த வளவிற் சிறு விடுதியொன்று இருந்தது. நான்கு அறை, அறைக்கொரு மலசலகூடம். அதனையும் சேர்த்து எடுத்தேன். இப்போது எட்டு, காத்திருப்பு ஒரு மணிநேரத்துக்குள் அடங்கிற்று. குளிரூட்டியின்றி உறங்காத இளைஞர்க்கும் அங்கே இடம் கிடைத்தது. கிணற்றிலே நன்னீர் உண்டா, கொல்லைப்புறத்தில் இரண்டு அடுப்பு மூட்டலாமா, மரக்கறிக்கு வேறு பாத்திரம் வைக்கலாமா, இரவில் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பனவற்றையும் கேட்டறிந்து மீண்டேன்.

ஏட்டின் முதல்வரி

பணத்தை இம்முறை பங்கிடவில்லை. “அவரவர் கொண்டுவருவதை ஏட்டில் எழுதுவேன், தொகை கூட்டமாட்டேன்” என்று எல்லார்க்கும் அறிவித்தேன். வெளிநாட்டுத் தம்பிமார் வீட்டு வாடகையை ஏற்றனர். சின்னக்கா கொழும்பிலிருந்து பலசரக்குக் கொணர்ந்தார். தங்கை குடும்பத்தார் மட்டக்களப்பிலிருந்து அரிசியும் தயிர்ச்சட்டியும் கொணர்ந்தனர். யான் சமையற்காரர்க்கும் வாகனத்துக்கும் கொடுத்தேன்.

பெரியக்கா ஒருநாள் முன்னதாகவே வந்து இறங்கினார். புழுக்கொடியல், பனங்கட்டி, பயற்றம் பணியாரம் ஆகியவற்றோடு, வானின் மேற்கூரையிலே கட்டிய ஒரு பெரிய சுருள். அவிழ்த்தோம். ஓலைப்பாய் பன்னிரண்டு. ஆறு மாதமாக இரவிலே இருந்து தாமே இழைத்தவை. இடந்தேர்ந்து வந்த அன்று கூடத்தின் அளவை அன்னையார்க்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அருகே இருந்து கேட்டிருந்திருக்கிறார். யான் ஏட்டைத் திறந்து முதல்வரியில், “பாய் பன்னிரண்டு — பெரியக்கா” என்று எழுதினேன். வாடகை ஐந்தாம் வரியில் வந்தது. ஏட்டைப் பார்த்த தம்பிமார் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவன் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அந்நான்கு நாளிலும் ஊர் பாராமல் இருந்தோமல்லேம். கோணேசர் கோயிலுக்கு எல்லாரும் சென்றோம். அன்னையார் கைபிடித்து மெல்ல ஏறினார். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீரள்ளிக் குழந்தைகள் சூடு பார்த்தனர். இளைஞர் நிலாவெளிக்குச் சென்று, 2003 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் புறாத்தீவுக்குப் படகேறினர். ஆனால் விதியொன்று வைத்திருந்தோம்: உலா காலையில் மட்டும், மதிய உணவுக்கு எல்லாரும் வீடு வரவேண்டும். மாலை முழுதும் விறாந்தைக்கு உரியது. காய் நறுக்குவோர் நறுக்க, கதை சொல்வோர் சொல்ல, ஒன்றுமே செய்யாதாரும் அங்கேயே இருந்தனர். ஒருங்கிருத்தற்கு வேறு நிகழ்ச்சி வேண்டியதில்லை.

இலண்டன் தம்பியின் ஒன்பது வயது மகள் வந்த அன்று பெண்டிர் எல்லாரையும் ‘ஆன்ரி’ என்றே அழைத்தாள். மூன்றாம் நாள் அவள் வாயில் மாமி வேறு, பெரியம்மா வேறு, சித்தி வேறு ஆயினர். தந்தையின் தமக்கையும் மாமி, தாய்மாமன் மனைவியும் மாமி. இஃது எவ்வாறு என்று அவளே என்னிடம் வினவினாள். மகிழ்ந்து உறவுமுறைச் சொற்களின் இலக்கணத்தை விரிவாக விளக்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் நோக்கினால், பெரியக்காவின் மடியிலே தலைவைத்து உறங்கிவிட்டாள். விளக்கம் அங்கே முடிந்திருந்தது.

குளிரூட்டி அறைக்குச் சென்ற இளைஞர் நால்வரும் மூன்றாம் இரவு தலையணையோடு கூடத்துக்கு வந்தனர். “அங்கை விடிய விடிய ஒருத்தரும் கதைக்கினமில்லை, பெரியப்பா” என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இம்முறை

ஆதலின் தம்பியின் செய்தி வந்ததும் யான் இடந்தேரத் தொடங்கவில்லை. அதனைப் பெரியக்காவிடம் கொண்டுசென்றேன். “முதலிலை நீங்கள் சொல்லுங்கோ அக்கா, எங்கை கூடுவம்?” அவர் ஊசியை நூலோடு துணியிற் குத்திவைத்துச் சற்று நேரம் யோசித்தார். பின், “எங்கடை வளவுக்கை கூடினால் என்ன, தம்பி? கிணறு கிடக்கு. வேம்பு கிடக்கு. பந்தல் போடலாம். அயலிலை ரண்டு வீடு வெறுமையாக் கிடக்கு; கேட்டால் தருவினம்” என்றார்.

நல்லூர்த் திருவிழாக் காலம் அது என்றேன். விடுதி வேண்டியதில்லையே என்றார். ஓகஸ்ட் வெயில் என்றேன். வேம்பின் நிழல் என்றார். நாற்பத்தாறு பேர்க்கு நானூற்றறுபது நிமிடம் என்றேன். ஐந்து கட்டிவிடலாம், கட்டியது காணியிலேயே இருக்கும் என்றார். விடுதிக்குக் கொடுக்கும் பணம் நான்கு நாளிற் போய்விடும் என்பதை அவர் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.

அன்னையாரிடம் சென்று கூறினேன். முப்பதாண்டுக்கு மேலாக அவர் அவ்வளவில் ஓர் இரவும் தங்கவில்லை. “கிணத்தை இறைச்சுச் சேறு வாரவேணும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கிணறிறைப்பவரை வரும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன். பெரியக்கா மீண்டும் ஓலை வாரத் தொடங்கிவிட்டார்.

நேற்றிரவு தம்பிக்கு மறுமொழி விடுத்தேன். இடம் தேர்ந்தாயிற்று, கூரை மட்டுமே இனித் தேரவேண்டும்.